டக் படகுக்குப் போவது இறக்கமா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)

இன்று நான் கப்பல் தொழிலாளர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆலையில் நூல் நூற்பவனுக்கும் வயலில் நாற்று நடுபவளுக்கும் கப்பல் விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். வெளிநாட்டுப் பஞ்சு எந்த வழியாக ஆலைக்கு வருகிறது? வயலில் போடும் பொட்டாஷ் எந்த வழியாக வருகிறது? அனல் மின்நிலையத்துக்கு நிலக்கரி எப்படி வருகிறது? எல்லாம் கப்பல் ஏறித்தான் வருகின்றன. அந்தக் கப்பலைக் கரை சேர்க்கிறவன் நம்மைப் போல ஒரு தொழிலாளி.

அது மட்டுமல்ல. நமது குடும்பங்களிலிருந்தே பல இளைஞர்கள் இன்று கப்பலில் இருக்கிறார்கள். உலகத்துக்கு அதிகமாக மாலுமிகளை அனுப்பும் ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பத்து வருஷம், பதினைந்து வருஷம் பெரிய கப்பலில் ஓடிய பிறகு, "போதும், இனி துறைமுகத்தில் டக் படகில் வேலை பார்க்கிறேன்" என்று சொல்கிறவர்கள் அவர்களில் உண்டு. உடனே வீட்டில் என்ன பேச்சு எழுகிறது? "ஆனையில் போனவன் ஆட்டுக்குட்டியில் ஏறலாமா? உலகம் சுற்றியவன் துறைமுகத்துக்குள்ளேயே சுற்றுவதா?" என்கிறார்கள். இது சரியான பேச்சுதானா என்பதைத்தான் இன்று பரிசீலிக்க வேண்டும்.

பெரிய கப்பலில் என்ன இருக்கிறது?

முதலில் பெரிய கப்பலைப் பார்ப்போம். இன்றைய பெரிய சரக்குக் கப்பல் ஒன்று 400 மீட்டர் நீளம் இருக்கும். இருபதாயிரம் இரும்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போகும். பாரத்தோடு சேர்த்தால் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் வரும். இத்தனை பெரிய யந்திரத்தை ஓட்டுவது எத்தனை பேர்? இருபது, இருபத்தைந்து பேர்தான்! ஒரு ஆலையில் ஒரு டிபார்ட்மெண்டில் ஒரு ஷிப்டுக்கு இருக்கிற ஆள்கூட அந்தக் கப்பல் முழுவதிலும் இல்லை.

அந்த இருபது பேரும் மாதக்கணக்கில் கரை காணாமல் இருக்கிறார்கள். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் என்று 2006-ல் ஒன்று செய்தார்கள். இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு தொழிலாளியைத் தொடர்ந்து 12 மாதம் கப்பலில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் நடந்தது என்ன? 2020-ல் கொரோனா நோய் பரவியபோது நாடுகள் எல்லாம் கதவை அடைத்துக்கொண்டன. சரக்கு இறங்கலாம், மனிதன் இறங்கக் கூடாது என்றார்கள். அந்த வருஷக் கடைசியில் சுமார் 4 லட்சம் மாலுமிகள், ஒப்பந்த காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கடலிலேயே கிடந்தார்கள்.

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' என்ற கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். அதில் இருந்த 25 சிப்பந்திகளும் இந்தியர்கள். ஆறு நாளில் கப்பல் விடுபட்டது. ஆனால் நஷ்ட ஈட்டு வழக்கில் கால்வாய் நிர்வாகம் கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஜூலை 7 வரை விடவில்லை. முதலாளிகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் பேரம் நடந்தது. சிப்பந்திகளில் பெரும்பாலோர் மூன்று மாதத்துக்கு மேல் கப்பலோடு காத்துக் கிடந்தார்கள். யாருடைய வழக்கு? யாருக்குக் காவல்?

ஆகவே, மகன் பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டவன், தகப்பன் இறந்த செய்தியை நடுக்கடலில் அறிந்தவன், இனி வீட்டுக்கு அருகில் வேலை வேண்டும் என்று நினைப்பதில் என்ன குற்றம் இருக்கிறது? அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கு உரிமை?

தேரும் முட்டுக்கட்டையும்

இப்போது டக் படகுக்கு வருவோம். டக் என்றால் இழுவைப் படகு. துறைமுகத்தில் டக் என்றே சொல்கிறார்கள். அது என்ன செய்கிறது?

உங்கள் ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். நேர்த் தெருவில் ஆயிரம் பேர் வடம் பிடித்தால் தேர் ஓடிவிடும். தெரு முனையில் திருப்ப வேண்டும்போதுதான் சிரமம். அங்கே சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவன் வேண்டும். எந்த நேரத்தில், எந்தச் சக்கரத்தில், எந்தக் கோணத்தில் கட்டையைக் கொடுப்பது என்று அவனுக்குத்தான் தெரியும். கட்டை சரியாக விழுந்தால் தேர் திரும்பும். தவறினால் வீட்டுச் சுவரில் இடிக்கும், அல்லது அவன் மேலேயே ஏறும். ஊர் கூடித் தேரைக் கும்பிடுகிறது. முட்டுக்கட்டைக்காரனை யார் பார்க்கிறார்கள்?

பெரிய கப்பலும் அப்படித்தான். சுக்கானில் தண்ணீர் வேகமாக மோதினால்தான் சுக்கான் வேலை செய்யும். துறைமுகத்துக்குள் நுழையக் கப்பல் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறையக் குறையச் சுக்கான் கேட்பதில்லை. காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, நீரோட்டம் மறு பக்கம் இழுக்கிறது. அந்த நேரத்தில் இரண்டு லட்சம் டன் மலை ஒன்று தன்னைத் தானே கட்டுப்படுத்த முடியாமல் நிற்கிறது. அப்போது முப்பது மீட்டர் நீளமுள்ள டக் படகு ஒன்று முன்னே வந்து கயிறு வாங்குகிறது. இன்னொன்று பின்னே பிடிக்கிறது. ஒன்று இழுக்க, ஒன்று தள்ள, மலை மெதுவாகத் திரும்பித் தளத்தில் அணைகிறது.

படகு சிறியது, ஆனால் உள்ளே இருக்கும் எஞ்சின் ஐயாயிரம், ஆறாயிரம் குதிரைசக்தி கொண்டது. டக் படகின் பலத்தை அளக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கரையிலுள்ள இரும்புக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, முழுப் பலத்தோடு இழுக்கச் சொல்வார்கள். கயிற்றில் எத்தனை டன் இழுப்பு விழுகிறது என்பதே அதன் பலம். இன்றைய துறைமுக டக்குகளில் 60 டன், 70 டன், 80 டன் என்று இழுக்கும் படகுகள் உண்டு. அதன் புரொப்பெல்லர் எந்தத் திசையிலும் முழு வட்டமாகத் திரும்பக்கூடியது. ஆகவே அது முன்னே போகும், பின்னே போகும், நண்டு போலப் பக்கவாட்டிலும் போகும்.

1803-ல் ஸ்காட்லாந்தில் சைமிங்டன் என்பவர் கட்டிய 'ஷார்லட் டண்டாஸ்' என்ற நீராவிப் படகு, 70 டன் பாரப் படகுகள் இரண்டைக் கால்வாயில் சுமார் 30 கிலோமீட்டர் இழுத்துக் காட்டியது. அன்று முதல் இன்று வரை துறைமுகத்தின் தோள்பட்டை டக் படகுதான். எவர் கிவன் கப்பலை விடுவித்ததும் யார்? சுமார் 30,000 கன மீட்டர் மணலை வாரினார்கள். பௌர்ணமி ஏற்றத்துக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் பத்துக்கு மேற்பட்ட டக் படகுகள் சேர்ந்து இழுத்தும் தள்ளியும்தான் கப்பல் மிதந்தது. அந்த மீட்பு வேலையில் ஒரு படகு கவிழ்ந்து ஒருவர் உயிரிழந்தார் என்று கால்வாய் நிர்வாகம் பின்னால் தெரிவித்தது. கப்பலின் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்தத் தொழிலாளியின் பெயர் யாருக்குத் தெரியும்?

இது வேறு தொழில்

"பெரிய கப்பல் ஓட்டியவனுக்குச் சின்னப் படகு எம்மாத்திரம்?" என்பதும் தவறான அபிப்பிராயம். லாரி ஓட்டத் தெரிந்தவன் ஏர் பிடித்துவிடுவானா? அமெரிக்காவில் உள்ள விதியைப் பாருங்கள். பெரிய கப்பலின் காப்டன் சான்றிதழ் வைத்திருப்பவரானாலும், டக் படகை ஓட்ட வேண்டுமானால் குறைந்தது 30 நாள் டக்கில் நின்று பழக வேண்டும். ஒவ்வொரு வேலையையும் அவர் செய்து காட்டுவதைத் தகுதி பெற்ற ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகுதான் அனுமதி. பெரிய கப்பலில் ஒரு உத்தரவு கொடுத்து ஐந்து நிமிஷம் பொறுத்து அதன் பலனைப் பார்க்கலாம். டக்கில் கை அசைத்த நொடியில் படகு அசையும். அங்கே பொறுமை வித்தை. இங்கே கை வித்தை.

லாப நஷ்டக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாறுகிறவனுக்குக் கிடைப்பது என்ன? துறைமுக டக்கில் ஷிப்டு முடிந்தால் வீடு. நீண்ட தூரம் இழுத்துப் போகும் டக்குகளில்கூடப் பல இடங்களில் சில வாரம் வேலை, சில வாரம் ஓய்வு என்ற முறை உண்டு. பிள்ளையின் முகம் பார்க்கலாம், பெற்றோருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம். இழப்பது என்ன? டாலரில் வந்த சம்பளம் ரூபாயில் வரும், பெரும்பாலும் தொகை குறையும். இன்னொன்றும் உண்டு. பெரிய கப்பலில் மேல் பதவிக்குப் பரீட்சை எழுதப் பெரிய கப்பலில் செய்த கடற்பணிதான் கணக்கு. துறைமுக எல்லைக்குள் டக்கில் கழித்த காலம் பொதுவாக அதில் சேராது. சான்றிதழை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்; அதற்கும் பொதுவாக 12 மாதக் கடற்பணி காட்ட வேண்டியிருக்கும். எனவே, "இரண்டு வருஷம் டக்கில் இருந்துவிட்டுத் திரும்பி விடுவேன்" என்று விளையாட்டாக நினைப்பவன் முதலில் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கயிற்றின் ஆபத்து

வீட்டுக்கு அருகில் இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மாடு பிடிக்கும் சிறுவனுக்கு நமது கிராமத்துப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதேடா, மாடு மிரண்டால் உன்னையும் இழுத்துக்கொண்டு போகும்!" டக் படகின் ஆபத்தும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. இழுக்கும் கயிறு படகின் நேர்ப் பின்னால் இருக்கும் வரை பயமில்லை. கப்பல் வேகம் எடுத்துவிட்டாலோ, படகு திசை தவறினாலோ கயிறு பக்கவாட்டில் வந்துவிடும். அப்போது டக் கப்பலை இழுப்பதில்லை; கப்பல் டக்கை இழுத்துக் குப்புறக் கவிழ்க்கிறது. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். கயிற்றை உடனே விடுவிக்கும் ஏற்பாடு உயிருக்குப் பாதுகாப்பு.

2007 டிசம்பர் 19 அன்று ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றில் கடும் பனிமூட்டம். 'பிளையிங் பேண்டம்' என்ற டக் ஒரு சரக்குக் கப்பலை முன்னே நின்று இழுத்துப் போனது. கயிறு பக்கவாட்டில் இழுத்தது. கயிற்றை விடுவிக்கும் ஏற்பாடு போதிய வேகத்தில் வேலை செய்யவில்லை. படகு கவிழ்ந்தது. நால்வரில் மூவர் மாண்டனர். 2013-ல் அந்த டக் கம்பெனியான ஸ்விட்சர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 17 லட்சம் பவுன் அபராதம் கட்டியது. அபராதம் கட்டினால் மூன்று உயிர் திரும்புமா? அதற்குப் பின்னும், 2023 பிப்ரவரியில், அதே கிளைடு பகுதியில் 'பைட்டர்' என்ற டக் அதே விதமாகக் கவிழ்ந்து இருவர் இறந்தனர்.

இன்னொரு ஆபத்து தூக்கம். ஆலையில் மூன்று ஷிப்டு எதற்காகப் போராடி வாங்கினோம் என்பது உங்களுக்குத் தெரியும். நீண்ட தூரம் போகும் டக்குகளில் இரண்டே ஷிப்டு: ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி ஆறு மணி நேரம் வேலை. அந்த ஆறு மணி ஓய்வில்தான் சாப்பாடு, குளியல், துணி துவைப்பு, தூக்கம் எல்லாம். எந்த மனிதனுக்கும் இப்படி வாரக்கணக்கில் உடல் தாங்குமா? 2016 அக்டோபர் 13 அன்று கனடாவின் மேற்குக் கரையில் 'நேதன் ஈ. ஸ்டூவர்ட்' என்ற டக், பெல்லா பெல்லா என்ற ஊருக்கு அருகே பாறையில் ஏறியது. காவலில் இருந்தவர் தூங்கிவிட்டார். சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர் டீசல் கடலில் கொட்டியது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் சிப்பி எடுத்துப் பிழைத்த ஹைல்ட்சுக் பழங்குடி மக்களின் வாழ்வு பாழானது. இந்த ஆறு மணி முறையே களைப்புக்குக் காரணம் என்று கனடா நாட்டு விசாரணை அமைப்பு எடுத்துக் காட்டியது. தூங்கியவனை மட்டும் திட்டி என்ன பயன்? தூங்கவிடாத முறையை யார் வைத்தது?

டக் என்பது வீண் செலவா?

கம்பெனிகள் எப்போதும் ஒரு கணக்குப் போடுகின்றன. டக் படகு கூட வந்தால் மணிக்கு இவ்வளவு கட்டணம். அதைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் இவ்வளவு மிச்சம். இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம்.

2024 மார்ச் 26 அன்று விடியற்காலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து 'டாலி' என்ற கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. 300 மீட்டர் நீளமுள்ள கப்பல். சிப்பந்திகளில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். இரண்டு டக்குகள் அதைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, வழக்கப்படி திரும்பிவிட்டன. சற்று நேரத்தில் கப்பலில் மின்சாரம் நின்றது. சுக்கான் இல்லை, எஞ்சின் இல்லை. டக்கைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் நேரம் இல்லை. கப்பல் பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் நடுப்பகுதி சரிந்தது. அந்த இரவு நேரத்தில் பாலத்தின் மேல் ரோடு செப்பனிட்டுக் கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேர் மாண்டனர். மெக்ஸிகோ, கௌதமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ் நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். ஒரு தளர்ந்த மின்கம்பி இணைப்பே மின்தடைக்குக் காரணம் என்று 2025 நவம்பரில் விசாரணை வாரியம் கூறியது.

டக் கூடவே போயிருந்தால் பாலம் நிச்சயம் தப்பியிருக்கும் என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. பெரிய கப்பலின் பலம் எல்லாம் ஒரு கம்பியில் தொங்குகிறது. அந்தக் கம்பி விட்டுப்போன நேரத்தில் கை கொடுக்கக்கூடியது பக்கத்தில் நிற்கிற டக் ஒன்றுதான். அதை வீண் செலவு என்பவன், உயிருக்கு விலை போடுகிறான்.

சிறு படகின் பெரும் பலம்

டக் தொழிலாளிக்குத் தன் பலம் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1946 பிப்ரவரி 4 அன்று நியூயார்க் துறைமுகத்தில் சுமார் 3,500 டக் தொழிலாளர்கள் வேலை நேரத்தைக் குறை, சம்பளத்தை உயர்த்து என்று கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிரம்மாண்ட நகரத்துக்கு நிலக்கரியும் எண்ணெயும் பாரப் படகுகளில் டக் இழுத்துத்தான் வந்துகொண்டிருந்தன. நடுக்குளிர் காலம். சர்க்கார் டக் கம்பெனிகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டு வேலைக்கு வரச் சொன்னது. தொழிலாளர்கள் அசையவில்லை. பிப்ரவரி 12 அன்று மேயர் ஓட்வயர் நகரத்தையே மூடினார். கடை, பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை எல்லாம் மூடப்பட்டன. வானளாவிய கட்டிடங்களின் சூடு ஒரு சிறு படகின் கயிற்றில் தொங்குகிறது என்பதை அன்று உலகம் கண்டது. அடுத்த ஓரிரு நாளில் தகராறு மத்தியஸ்தத்துக்குப் போயிற்று, வேலைநிறுத்தம் முடிந்தது.

இந்தப் பலம் முதலாளிகளுக்கும் தெரியும். 2022 நவம்பரில் ஆஸ்திரேலியாவில், மேற்சொன்ன அதே ஸ்விட்சர் கம்பெனி, 17 துறைமுகங்களில் 582 டக் தொழிலாளர்களைக் கதவடைப்புச் செய்யப் போவதாக அறிவித்தது. அன்று அது மேர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் கம்பெனியின் சொத்து. மூன்று வருஷத்துக்கு மேலாக நடந்த ஒப்பந்தப் பேச்சு முடியவில்லை என்பது காரணம். நாட்டின் வாணிபமே நின்றுபோகும் என்ற நிலையில், தொழில் தகராறு ஆணையம் தலையிட்டு ஆறு மாதத்துக்கு இரு தரப்பு நடவடிக்கைகளையும் நிறுத்தி வைத்தது. தொழிலாளி வேலையை நிறுத்தினால் "நாடு என்னாவது?" என்று கேட்கிற பத்திரிகைகள், முதலாளி கதவை அடைக்கும்போதும் அதே கேள்வியை அதே குரலில் கேட்க வேண்டாமா?

மாறுகிறவன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, கப்பலில் இருக்கும் உங்கள் மகனோ தம்பியோ டக் படகுக்கு வர விரும்பினால், தடுக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்று: படகில் எத்தனை ஆள்? எத்தனை ஷிப்டு? இரவு வேலைக்குப் பின் தூங்க நேரம் உண்டா?

இரண்டு: வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? படகு துறைமுகத்துக்குச் சொந்தமா, வாடகைக்கு வந்ததா? படகின் வாடகை ஒப்பந்தம் முடிந்தால் தொழிலாளியின் கதி என்ன?

மூன்று: கயிற்றை விடுவிக்கும் ஏற்பாட்டைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? பாரம் ஏற்றிச் சோதித்தார்களா, பேருக்குச் சோதித்தார்களா?

நான்கு: டக் வேலையைப் பழக எத்தனை நாள் கொடுப்பார்கள்? பழகும் நாளுக்குச் சம்பளம் உண்டா?

ஐந்து: சங்கம் இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். 2024 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் பசுமை டக் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் உட்பட நான்கு பெரிய துறைமுகங்கள், புகை குறைந்த புது வகை டக்குகளைத் தலைக்கு இரண்டாவது, வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும் என்பது அதன் முதல் கட்டம். புகை குறைந்தால் நல்லதுதான். எஞ்சின் அறையில் நிற்கிறவன் நெஞ்சுக்கும் நல்லது. புது யந்திரம் வரட்டும். ஆனால் அதோடு சேர்ந்து பழைய தொழிலாளி வெளியே போகக் கூடாது. அவனுக்குப் புது யந்திரத்தில் பயிற்சி கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் சாவி. பெரிய கப்பலில் இருப்பவன் இன்று சிங்கப்பூரில், நாளை ராட்டர்டாமில்; கூட வேலை செய்பவனை அடுத்த வருஷம் பார்ப்பானோ என்னவோ. சங்கம் வைப்பது அங்கே கடினம். டக் தொழிலாளி தினமும் ஒரே துறைமுகத்தில் இருக்கிறான். பக்கத்திலேயே கிரேன் ஓட்டுகிறவன், மூட்டை தூக்குகிறவன், லாரி டிரைவர் எல்லோரும் இருக்கிறார்கள். சேர்ந்து பேச அவனுக்கு இடமும் நேரமும் உண்டு. அவன் வாங்கிக்கொண்ட மாற்றத்தில் இதுவே பெரிய லாபம் என்பேன்.

தோழர்களே! படகின் நீளத்தை வைத்துத் தொழிலாளியின் உயரத்தை அளக்காதீர்கள். இன்று ஆலையில் நீங்கள் பிரிக்கும் பஞ்சு பேலைத் துறைமுகத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தவன் அந்தச் சிறு படகில் நின்றவன்தான். அவனுக்குத் தூக்கமும், அறுந்து விடுபடும் கயிறும், நிரந்தர வேலையும் வேண்டும் என்று அவன் கேட்கும்போது, ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் நமது குரலும் அவன் குரலோடு சேரட்டும்!